கொடைக்கானல் மலையில் காணாமல் போனவரைத் தேடச் செல்லும் தன்னார்வலர்களுக்கு

வட்டக்கானலிலிருந்து வெள்ளகெவிப் பாதையில் நடந்துபோன ஒருவர் இருட்டிய பிறகும் திரும்பவில்லை என்று கேள்விப்பட்டதும், டார்ச்சை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் இறங்கிவிடத்தான் மனம் துடிக்கும். அப்படி இறங்காதீர்கள். 112-க்குத் தகவல் போய்விட்டதா என்று உறுதிசெய்துகொண்டு, காவல்துறையினரும் வனத்துறையினரும் தீயணைப்பு வீரர்களும் கூடியிருக்கும் இடத்துக்குச் சென்று பெயர், கைப்பேசி எண், புறப்படும் நேரம் ஆகியவற்றைப் பதிவு செய்யுங்கள். அனுமதியின்றிக் காப்புக்காட்டுக்குள் நுழைவது குற்றம். அதைவிட, யார் எந்தப் பக்கம் போனார் என்ற கணக்கு இல்லாவிட்டால் விடிவதற்குள் இன்னொருவரையும் சேர்த்துத் தேட வேண்டிவரும்.

காணாமல் போனவரைக் கடைசியாகப் பார்த்தவர் யார், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, சட்டையின் நிறம் என்ன, செருப்பா ஷூவா என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். வழி தவறியவர்கள் பலர் ஊர் கீழேதான் இருக்கும் என்று நம்பி ஓடையைப் பிடித்து இறங்குவார்கள். கொடைக்கானல் அமைந்திருக்கும் பழனி மலைத்தொடரின் தெற்குச் சரிவு பெரியகுளத்தை நோக்கிச் செங்குத்தாக இறங்குவதால், அந்த ஓடை அருவியாக விழும் பாறைத் தலைப்பில் ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் அவர்கள் சிக்கிக்கொள்ளக்கூடும். அத்தகைய விளிம்புகளைக் கயிறும் பயிற்சியும் உள்ளவர்களுக்கு விட்டுவிடுங்கள்.

கம்பளிச் சட்டை, மழைக்கோட்டு, விசில், இரண்டு டார்ச், குடிநீர், சூடான தேநீர் நிறைந்த ஃபிளாஸ்க் ஆகியவை போதும். தனியாகப் போகாமல், பாதை தெரிந்த ஊர்க்காரர் அல்லது இம்மலையின் பழங்குடியினரான பளியர் ஒருவரின் பின்னால் நடங்கள். காட்டுமாடு எதிர்ப்பட்டால் விரட்டாமல், அது விலகும்வரை தள்ளி நில்லுங்கள்.

மஞ்சு இறங்கிவிட்டால் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. அப்போது காதுதான் கண். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டோ விசில் ஊதியோ முடித்ததும், குழுவில் அனைவரும் ஒரு நிமிடமாவது அசையாமல் நின்று கேட்க வேண்டும். பேச்சு, மழைக்கோட்டின் சரசரப்பு, கைப்பேசி ஒலி எதுவும் கூடாது. சோர்ந்துபோன மனிதரின் குரல் முனகலாகத்தான் வரும். இந்த மௌனத்தைப் பழகாத குழு அவரைக் கடந்துபோய்விடும் என்பதே என் பெரிய கவலை.

விடியற்காலையில் புல்வெளியைக் குறுக்கே மிதிக்கும் முன், வெளிச்சம் வரும் திசையை நோக்கிக் குனிந்து பாருங்கள். வெள்ளி பூசினாற்போல் பனித்துளி படிந்த புல்லில், யாராவது நடந்திருந்தால் துளிகள் உதிர்ந்து பச்சையாக ஒரு கோடு ஓடும். மாடு போன தடமாகவும் அது இருக்கலாம் என்பதால், ஓரமாகவே நடந்து ஈரமண்ணில் காலடி தேடுங்கள். கிடைத்த தடயத்தைத் தொடாமல் படமெடுத்து, பக்கத்துச் செடியில் துணி கட்டிவிட்டுத் தகவல் சொல்லுங்கள்.

ஆளைக் கண்டுபிடித்தால் எழுப்பி நடத்த அவசரப்படாதீர்கள். கழுத்திலோ முதுகிலோ அடிபட்டிருக்கலாம் என்று தோன்றினால், மேலும் ஆபத்து நேரும் இடமாக இருந்தாலொழிய அசைக்கக் கூடாது. அப்படி அடிபடாதவர் என்றால் ஈரத்துணியைக் களைந்து, உலர்ந்த துணியால் போர்த்தி, ஈரத்தரைக்கும் உடலுக்கும் இடையே எதையாவது விரியுங்கள். நினைவு தெளிவாக இருந்து விழுங்க முடிந்தால் மட்டும் இனிப்பான தேநீரைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். கைகால்களைத் தேய்ப்பதும் சூட்டுக்கென்று மது கொடுப்பதும் கெடுதல். நடுக்கம் நின்றபின் பேச்சும் குழறினால் உடல் மிகவும் குளிர்ந்துவிட்டது என்று பொருள். அவரைத் தூக்கித்தான் கொண்டுவர வேண்டும்.

எவ்வளவு களைத்திருந்தாலும், பதிவேட்டில் உங்கள் பெயருக்கு எதிரே திரும்பிய நேரத்தைக் குறித்துவிட்டே வீட்டுக்குக் கிளம்புங்கள்.