விறைப்புக்கான மாத்திரையைப் பத்திரமாக எடுப்பது எப்படி: விழுந்து எழுந்தவன் சொல்வது

கூச்சத்தை முதலிலேயே ஓரம் கட்டிவிடுகிறேன். எனக்கு 52 வயதில் ஆண்குறி விறைப்பு சரியாக வராமல் போனது, வந்தாலும் நிலைக்கவில்லை. ஆறேழு மாதம் களைப்பு, வேலைச் சுமை என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். அப்புறம் ஒரு நண்பன் தன்னிடமிருந்த சில்டெனாஃபில் 100 மில்லிகிராம் மாத்திரைகள் இரண்டைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தான். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஒன்றைப் போட்டேன். முக்கால் மணி நேரம் ஆகியும் ஒன்றும் தெரியவில்லை, சரி, டோஸ் போதவில்லை போலிருக்கிறது என்று அடுத்ததில் பாதியையும் போட்டேன். அதற்கும் பலனில்லாமல் தூங்கிப்போனேன். நடுராத்திரியில் சிறுநீர் கழிக்க எழுந்தவன் குளியலறை வாசலில் கண் இருட்டி விழுந்தேன். புருவத்தில் நான்கு தையல்.

பிறகு டாக்டர் என் தப்புகளை விரல் விட்டு எண்ணினார், ஒரு கை விரல் முழுவதும் தேவைப்பட்டது. இந்த மாத்திரைகள் பயங்கரமானவை அல்ல. 1998-லிருந்து கோடிக்கணக்கானவர்கள் எடுக்கிறார்கள். முறையாக எடுத்தால் ஒன்றுமில்லை, என்னைப் போல எடுத்தால் தையல்தான். அதனால் நான் கடைசியில் கற்றுக்கொண்ட வரிசையிலேயே எழுதுகிறேன்.

படி 1: டாக்டரிடம் போவது

போங்கள். இதற்கு மேல் இதில் விளக்க ஒன்றுமில்லை, ஆனால் ஏன் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஆண்குறிக்குப் போகும் ரத்தக்குழாய்கள் இதயத்துக்குப் போகும் குழாய்களைவிடச் சிறியவை. குழாய்க்குள் கொழுப்பு படிய ஆரம்பித்தால் சின்னக் குழாயில்தான் முதலில் தெரியும். விறைப்புக் குறைவு சிலருக்கு இதய நோயின் முன்னறிவிப்பாக, நெஞ்சுவலி வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே வந்து நிற்கிறது. மாத்திரையை மட்டும் வாங்கிப் போட்டுக்கொண்டால் அந்த அறிவிப்பைக் கிழித்துப் போட்ட மாதிரி. ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, காலையில் எடுக்கும் டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) பரிசோதனை, இவற்றைப் பெரும்பாலும் டாக்டரே கேட்பார். இரண்டு மாடி வேகமாக ஏறினால் நெஞ்சு இறுக்குகிறதா என்றும் கேட்பார். காரணம், உடலுறவும் இதயத்துக்கு ஒரு உழைப்புத்தான், அதற்கு உங்கள் இதயம் தயாரா என்பது மாத்திரைக்கு முந்தைய கேள்வி.

உள்ளே போனதும் வாய் வரவில்லை என்றால் நான் செய்ததைச் செய்யுங்கள். ஒரு துண்டுச் சீட்டில் "விறைப்பு நிலைக்கவில்லை, ஏழு மாதமாக" என்று எழுதி மேசை மேல் வைத்தேன். அவர் படித்துவிட்டு வேறு எதையோ கேட்பது போல மிகச் சாதாரணமாக ஆரம்பித்தார். அவர் பார்க்கும் பத்தாவது ஆள் நானாக இருந்திருக்கலாம்.

படி 2: மருந்துப் பட்டியல் (நான் சறுக்கிய இடம்)

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

"வேறு என்ன மாத்திரை எடுக்கிறீர்கள்?" என்று கேட்டபோது, "ஒன்றுமில்லை டாக்டர்" என்றேன். பொய் சொல்ல நினைக்கவில்லை. ராத்திரி அடிக்கடி எழுந்திருக்கிறேன் என்று வேறொரு டாக்டர் ஒன்றரை வருஷத்துக்கு முன்பு டாம்சுலோசின் எழுதிக் கொடுத்திருந்தார். தினமும் படுக்கப்போகும்போது போடுவேன், ஆனால் என் மண்டையில் அது "யூரின் மாத்திரை", அவ்வளவுதான். அதை நான் மருந்துக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. புருவத்துத் தையலைப் பார்த்துவிட்டு அவர் விடாமல் துருவியபோதுதான் வெளியே வந்தது.

டாம்சுலோசின், பிரசோசின், டாக்சசோசின் எல்லாம் ஆல்ஃபா பிளாக்கர் வகை. அவை ரத்தக்குழாயைத் தளர்த்தும். சில்டெனாஃபிலும் தளர்த்தும். இரண்டும் சேர்ந்து, படுத்திருந்தவன் சட்டென்று எழுந்தால் ரத்தம் காலுக்கு இறங்கும், தலை காலியாகும். சேர்த்து எடுக்கவே கூடாது என்பதில்லை. ஆல்ஃபா பிளாக்கர் உடம்புக்குப் பழகிய பிறகு, மிகக் குறைந்த டோஸில் ஆரம்பிப்பார்கள். சில்டெனாஃபில் என்றால் 25 மில்லிகிராம். நான் போட்டது 150.

அதையாவது குறைந்த டோஸால் சமாளிக்கலாம். சமாளிக்கவே முடியாதது நைட்ரேட். நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின், ஐசோசார்பைடு (பலருக்கு சார்பிட்ரேட் என்றால் தெரியும்), தோலில் ஒட்டும் நைட்ரேட் பட்டை, இதில் எதையாவது பயன்படுத்துபவர்கள் விறைப்புக்கான இந்த வகை மாத்திரையைத் தொடவே கூடாது. "எப்போதாவதுதான் வைப்பேன்" என்றாலும் கூடாது. நெஞ்சுவலிக்கான நிகோராண்டில், நுரையீரல் ரத்தக்குழாய் அழுத்தத்துக்கான ரியோசிகுவாட், போதைக்காக முகரும் பாப்பர்ஸ் எல்லாமே இந்தத் தடைப் பட்டியலில்தான்.

காரணத்தைப் புரிந்துகொண்டால் மறக்காது. நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு ரத்தக்குழாய்ச் சுவரில் ஒரு வேதிப்பொருளை ஊற வைக்கிறது, அதுதான் குழாயைத் தளர்த்துவது. அந்த வேதிப்பொருளை அழித்துக் காலி செய்ய ஒரு நொதி இருக்கிறது. நம் மாத்திரை அந்த நொதியைத் தடுக்கிறது, அதாவது வடிகாலை அடைக்கிறது. நைட்ரேட் மருந்தோ அந்த நைட்ரிக் ஆக்சைடைக் கொட்டுகிறது, அதாவது தண்ணீர்க் குழாயை முழுசாகத் திறந்துவிடுகிறது. வடிகாலை அடைத்துவிட்டுத் தண்ணீர்க் குழாயையும் திறந்தால் என்ன ஆகும்? ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்குச் சரியும். இதில் ஒரு விசித்திரம், சில்டெனாஃபிலை முதலில் சோதித்துப் பார்த்ததே நெஞ்சுவலிக்காகத்தான். அதற்குச் சரிப்படவில்லை, வேறொன்றுக்குச் சரிப்பட்டது.

இன்னும் சில மருந்துகள் மாத்திரையை உடம்பில் தேங்க வைத்து டோஸை மறைமுகமாக ஏற்றிவிடும்: பூஞ்சைத் தொற்றுக்கான கீட்டோகோனசோல், இட்ராகோனசோல், ஆன்டிபயாட்டிக்கில் எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், எச்ஐவிக்கான ரிடோனாவிர். கிரேப்ஃப்ரூட் சாறுகூட அந்த வேலையைச் செய்யும். நாள்பட்ட கல்லீரல், சிறுநீரகக் கோளாறு இருந்தாலும் டோஸ் மாறும். சமீபத்தில் மாரடைப்பு, பக்கவாதம் வந்தவர்கள், ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற பரம்பரை விழித்திரை நோய் உள்ளவர்கள் அதைக் கட்டாயம் சொல்லியாக வேண்டும்.

பட்டியல் தயாரிக்க ஆப் எல்லாம் இருக்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை. போனில் சார்ஜ் இல்லாத அன்றுதான் டாக்டரைப் பார்க்கப் போவோம். வீட்டில் இருக்கிற எல்லா அட்டைகளையும் மேசையில் கொட்டி, பெயரையும் மில்லிகிராமையும் பார்த்து ஒரு காகிதத்தில் எழுதி பர்ஸில் வையுங்கள். சொட்டு மருந்து, களிம்பு, ஒட்டும் பட்டை, லேகியம், "இதெல்லாம் மருந்தா" என்று தோன்றுகிற ஒவ்வொன்றையும் எழுதுங்கள். குறிப்பாக அப்படித் தோன்றுவதை.

படி 3: எந்த மாத்திரை

முடிவு டாக்டருடையது, ஆனால் பேச்சில் கலந்துகொள்ள இது தெரிந்திருந்தால் நல்லது. சில்டெனாஃபில் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் வேலை செய்யும், நாலைந்து மணி நேரம் இருக்கும். வழக்கமான ஆரம்ப டோஸ் 50, உச்சம் 100, 65 வயதைத் தாண்டியவர்களுக்குப் பொதுவாக 25-இல் தொடங்குவார்கள். டடாலாஃபில் 36 மணி நேரம் வரை வேலை செய்யும், சாப்பாடு அதைப் பெரிதாகப் பாதிக்காது. தேவைப்படும்போது போட 10 அல்லது 20, தினமும் எடுப்பதாக இருந்தால் 2.5 அல்லது 5. வர்டெனாஃபில், அவனாஃபில் என்று இன்னும் இரண்டு உண்டு, நான் எடுத்ததில்லை.

என் கட்சி, முதன்முதலாக எடுப்பவருக்கு சில்டெனாஃபில். டடாலாஃபில்தான் வசதி என்று சொல்பவர்கள் நிறைய, நேரம் பார்க்க வேண்டாம் என்பது உண்மைதான். ஆனால் ஒத்துக்கொள்ளாமல் போனால் சில்டெனாஃபில் அன்றைக்கே அடங்கிவிடும், டடாலாஃபிலை இரண்டு நாள் சுமக்க வேண்டும். உடம்பு எப்படி எடுத்துக்கொள்கிறது என்று தெரிந்த பிறகு மாறிக்கொள்ளலாமே.

படி 4: முதல் தடவை

கனமான, எண்ணெய் மிதக்கும் சாப்பாட்டுக்குப் பிறகு சில்டெனாஃபில் போட்டால் வேலை செய்ய ஒரு மணி நேரம்வரை கூடுதலாக இழுக்கும், மருந்தின் வீரியமும் குறையும். நான் "வேலை செய்யவில்லை" என்று நினைத்தது இதனால்தான். இலேசாகச் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் விட்டுப் போடுங்கள். மது கொஞ்சமாக இருந்தால் பெரிய பாதகமில்லை. நிறையக் குடித்தால் ரத்த அழுத்தமும் இறங்கும், விறைப்பும் போகும், பிறகு மாத்திரை போட்டு என்ன.

மாத்திரை போட்டவுடன் தானாக எதுவும் நடக்காது. பலரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஆசையும் தொடுதலும் இருந்தால்தான் அந்த நைட்ரிக் ஆக்சைடே சுரக்கும். மாத்திரை அதைத் தாங்கிப் பிடிக்கிறது, அவ்வளவே. அதனால் சோர்ந்தோ சண்டை போட்டுவிட்டோ இருக்கிற நாளில் பரீட்சித்துப் பார்க்காதீர்கள்.

24 மணி நேரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் கூடாது. பலனில்லை என்றால் அன்றைக்கு அவ்வளவுதான். சரியான முறையில் ஆறு முதல் எட்டு தடவை முயன்ற பிறகுதான் இந்த மருந்து ஒத்துவரவில்லை என்ற முடிவுக்கு வருவார்கள். டோஸைக் கூட்டுவதும் டாக்டரிடம் கேட்டுத்தான். நான் 25-இல் ஆரம்பித்தேன், மூன்றாவது தடவைதான் ஏதோ பிடிபட்டது, இப்போது 50-இல் இருக்கிறேன்.

வீட்டில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி வாங்குவதானால் மேற்கையில் சுற்றுவதை வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவது கையை எப்படி வைக்கிறோம் என்பதைப் பொறுத்து எண்ணை மாற்றிச் சொல்லும். ஒன்று வாங்கி நொந்தேன். அப்புறம் எழுந்திருக்கும்போது கட்டிலின் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுந்திருங்கள். இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி இருக்கிறது.

தலைவலி, முகம் சூடாகிச் சிவப்பது, மூக்கடைப்பு, நெஞ்செரிச்சல் எல்லாம் வரக்கூடியவைதான், போய்விடும். சில்டெனாஃபிலில் சிலருக்குக் கொஞ்ச நேரம் எல்லாம் நீலம் பூசியது போலத் தெரியும். டடாலாஃபிலில் மறுநாள் முதுகுவலி, தசைவலி வருவதுண்டு.

படி 5: எப்போது ஓட வேண்டும்

விறைப்பு 4 மணி நேரத்துக்கு மேல் அடங்காமல் இருந்தால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். வெட்கப்பட்டு விடியட்டும் என்று காத்திருந்தால் உள்ளே இருக்கிற திசு நிரந்தரமாகக் கெட்டுப்போகலாம். ஒரு கண்ணிலோ இரண்டிலோ திடீரென்று பார்வை மங்கினாலும், திடீரென்று காது கேட்காமல் போனாலும் அதே அவசரம்.

நெஞ்சுவலி வந்தால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஆம்புலன்சை அழையுங்கள். வீட்டில் யாருடைய நைட்ரேட் மாத்திரையாவது இருக்கிறதே என்று எடுத்து நாக்குக்கு அடியில் வைத்துவிடாதீர்கள். வருபவர்களிடம் என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். சில்டெனாஃபில் போட்டு 24 மணி நேரம், டடாலாஃபில் போட்டு 48 மணி நேரம் ஆகும்வரை நைட்ரேட் கொடுக்கத் தயங்குவார்கள்.

பிற்சேர்க்கை

இதைப் படித்துவிட்டுக் கேட்டவர்களுக்காகச் சில.

"மூலிகைதானே, டாக்டர் எதற்கு?" அந்த மூலிகைப் பொட்டலங்களில் பலவற்றில் சில்டெனாஃபிலையே, எவ்வளவு என்று சொல்லாமல், கலந்திருப்பதைப் பல நாட்டு மருந்து ஆணையங்கள் திரும்பத் திரும்பப் பிடித்திருக்கின்றன. நைட்ரேட் எடுப்பவர் மூலிகை என்று நம்பி அதை விழுங்கினால்? 2008-இல் சிங்கப்பூரில் சட்டவிரோதமாக விற்ற ஆண்மை மாத்திரைகளில் கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை நோய் மருந்து கலந்திருந்தது. 100-க்கும் மேற்பட்டவர்கள் சர்க்கரை அளவு படுபாதாளத்துக்கு விழுந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள், நான்கு பேர் இறந்தார்கள். மருந்துச் சீட்டு கேட்கிற மருந்துக்கடையில் மட்டும் வாங்குங்கள். கேட்காத கடை எனக்கு உறுத்துகிறது.

"100-ஐ வாங்கி நாலாக உடைக்கலாமா?" நான் உடைத்துப் பார்த்தேன், ஒரு துண்டு சோளப்பொரி அளவு, ஒரு துண்டு தூள். தேவையான மில்லிகிராமிலேயே வாங்குங்கள். உடைத்தே ஆக வேண்டுமென்றால் மருந்தாளுநரிடம் கேட்டு, மாத்திரை வெட்டும் கருவியால்.

"நுரையீரல் அழுத்தத்துக்கு ஏற்கெனவே சில்டெனாஃபில் 20 எடுக்கிறேன், இதையும் சேர்க்கலாமா?" கூடாது, அதே மருந்து வேறு பெயரில். எழுதிக் கொடுத்த டாக்டரிடமே பேசுங்கள்.

"மனைவிக்குத் தெரியாமல் எடுக்கலாமா?" இதைத்தான் அதிகம் பேர் கேட்டிருந்தார்கள். மற்ற நியாயங்கள் உங்கள் வீட்டு விஷயம். ஆனால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நினைவில்லாமல் கிடந்தால் "இவருக்கு நைட்ரேட் கொடுக்காதீர்கள்" என்று சொல்ல பக்கத்தில் ஒருவர் வேண்டுமே. என் வீட்டில் மாத்திரையின் பெயரும் மில்லிகிராமும் என்னைவிட அவளுக்குத்தான் நன்றாக மனப்பாடம்.