பொட்டப்புள்ளைகள செஸ்ல வளக்கறோம்னு நாம பண்ற தப்புக

போன மாசம் ஒரு ஞாயித்துக்கெழமை கோபில இருந்து காலைல ஆறு மணி பஸ்ஸ புடிச்சு திருப்பூர் பக்கம் ஒரு டோர்னமெண்டுக்கு புள்ளைய கூட்டிட்டுப் போயிருந்தனுங்க. ஒம்பது வயசுக்குள்ள பிரிவுல பொடுசுக கூட்டம் தாங்கல, அதுல பாதிக்குப் பக்கமா பொண்ணுகதான், ரெட்டை சடை போட்டுட்டு ராணிய வெட்டுக்குடுத்துட்டு அழுதுட்டு இருந்துச்சுக. அதே ஹால்ல பதினஞ்சு வயசுக்குள்ள டேபிளுக்குப் போய்ப் பாத்தா பொண்ணுக ஒரு கை வெரல்ல எண்ணிறலாம். நடுவுல ஆறு வருசத்துல அத்தன பேரும் எங்க போனாங்க? ஆட்டம் வராம போகலீங்க. நாமதான் நிறுத்தினோம், அதும் கெட்ட எண்ணத்துல இல்ல, நல்லது பண்றோம்னு நெனச்சுட்டு.

நானும் அப்படி நிறுத்தப்பட்டவதான். தொண்ணூறுகள்ல ஈரோட்டுல மாவட்டப் போட்டி வரைக்கும் ஆடுனேன். ஒம்பதாவது முடிஞ்சதும் எங்கப்பா "அம்முணிக்கு அடுத்த வருசம் பத்தாவது, போதும் சாமி"ன்னாரு, அவ்வளவுதான். என்னோட போர்டு தம்பிக்குப் போச்சு, அவனுக்கு வாத்தியாரும் வெச்சாங்க, அவன் ரெண்டு வருசம் ஆடிட்டு கிரிக்கெட் பேட்ட எடுத்துட்டுப் போயிட்டான். இதத்தான் மொத தப்புன்னு சொல்லுவேன், ஊட்ல ரெண்டு புள்ளைக இருந்தா காசு பத்தலைன்னு சொல்லி அக்காவ நிறுத்திட்டு தம்பிக்கு கட்டறது. சென்னை செஸ் ஆட்டக்காரி வைஷாலி கதைய எல்லாரும் தம்பி பிரக்ஞானந்தா கதையாவேதான் சொல்றாங்க, ஆனா மொதல்ல ஆட ஆரம்பிச்சது அக்காதானுங்க. டிவி முன்னால உக்காந்தே கெடக்கறாளேன்னு செஸ் கிளாஸ்ல சேத்தாங்க, அவ ஆடறதப் பாத்துத்தான் தம்பி ஆட வந்தான். 2023 டிசம்பர்ல வைஷாலி 2500 ரேட்டிங்க (ஆட்ட பலத்துக்குப் போடற மார்க்கு) தாண்டினப்ப ஒலகத்துலயே அக்கா தம்பி ரெண்டு பேரும் கிராண்ட்மாஸ்டரா (செஸ்ல ஒசந்த பட்டம்) இருக்கற மொத ஜோடி அவங்கதான். அவங்க அம்மா நாகலட்சுமி வெளிநாட்டுக்கே அடுப்பு தூக்கிட்டுப் போயி ரசம் வெச்சுக் குடுக்கறத நாமெல்லாம் ஃபார்வர்ட் பண்ணி மெச்சிக்கறோம், நம்மூட்ல புள்ளைய பொள்ளாச்சி வரைக்கும் கூட்டிட்டுப் போக ஆளில்லைங்கறோம்.

அடுத்தது கப்பு பைத்தியம். இத கொஞ்சம் வெலாவாரியா சொல்லோணும், ஏன்னா இதுல விவரம் தெரியாம ஏமாறறவங்க ரொம்ப. ஓபன் பிரிவுன்னா அது ஆம்பளைக பிரிவுன்னு நெனச்சுட்டு இருக்காங்க. இல்லீங்க, ஓபன்னா ஓபன், யாரு வேணா ஆடலாம். ரோகிணி காடில்கர்னு ஒரு செஸ் ஆட்டக்காரி 1976லயே ஆம்பளைக ஆடற தேசிய போட்டில போயி உக்காந்தாங்க, பெரிய ரகளையாயி கோர்ட்டு வரைக்கும் போச்சு, கடேசில ஒலக செஸ் சங்கமான ஃபிடேக்கு தலைவரா இருந்த மேக்ஸ் யூவே பொம்பளைகள தடுக்கக்கூடாதுன்னு முடிவா சொல்லிட்டாரு. அம்பது வருசம் ஆச்சு, இன்னும் எங்கூட்டுப் பக்கத்துல ஒரு அம்மா "ஓபன்ல போட்டா பசங்ககிட்ட தோத்துருவா, கேர்ள்ஸ்ல போட்டா கப்பு வரும்"னு கணக்கு போடுது.

கப்பு வரும், சரி. ஆட்டம் வராதே. நம்ம மாவட்ட லெவல்ல கேர்ள்ஸ் பிரிவுல சில நேரம் பத்துப்பேரு கூட இருக்கறதில்ல, பலம் ஒட்டுக்கா இருக்காது, அதுலயே சுத்திட்டு இருந்தா புள்ளைக்கு தான் எங்க நிக்கறோம்னே தெரியாது. ஹங்கேரி ஆட்டக்காரி ஜூடிட் போல்கர் பொம்பளைகளுக்கான உலக சாம்பியன்ஷிப் பக்கமே போகாம எல்லாத்தோடயும் ஆடித்தான் 2735 ரேட்டிங் வரைக்கும் ஏறி ஒலகத்துல எட்டாவது எடத்துக்கு வந்தாங்க. அதுக்காக கேர்ள்ஸ் போட்டியே வேண்டாம்னு சொல்லல. மாநிலம், தேசியம்னு போறதுக்கு அந்த செலக்ஷன் வேணும், ஒரே ரூம்ல தன்னை மாதிரி இன்னும் நாப்பது பொண்ணுகளப் பாக்கறதே ஒரு தெம்புதான், நம்ம நாட்டு கிராண்ட்மாஸ்டர் ஹம்பியும் வைஷாலியும் ரெண்டு பக்கமும் ஆடறவங்கதான். வருசத்துக்கு நாலு போட்டின்னா மூணு ஓபன், ஒண்ணு கேர்ள்ஸ், எங்கூட்டு கணக்கு இது.

தோத்தா ரேட்டிங் போயிரும்னு பயப்படறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். பதினெட்டு வயசுக்குள்ள இருக்கற, 2300க்கு கீழ இருக்கற புள்ளைகளுக்கு கே ஃபேக்டர் 40, ரேட்டிங் எவ்வளவு வேகமா ஏறும் எறங்கும்ங்கறதுக்கான எண் அது. தனக்கு சமமான ஆள ஜெயிச்சா 20 ஏறும், தோத்தா 20 எறங்கும். தன்னவிட 400 பாயிண்ட் பெரிய ஆள்கிட்ட தோத்தா போறது மூணு பாயிண்டுதான், டிரா பண்ணிட்டா கிட்டத்தட்ட 17 வரும். பெரிய ஆளோட ஆடி தோக்கறதுல நட்டம் எங்கிருக்குதுங்க?

டபிள்யூஜிஎம் (மகளிர் கிராண்ட்மாஸ்டர்), டபிள்யூஐஎம் (மகளிர் இன்டர்நேஷனல் மாஸ்டர்) பட்டத்த "அது லேடீஸ் கோட்டா"ன்னு கிண்டல் பண்றதும் தப்புதான், அந்த பட்டத்தோட நின்னுக்கோன்னு சொல்றதும் தப்புதான். டபிள்யூஜிஎம்முக்கு 2300 வேணும், கிராண்ட்மாஸ்டருக்கு 2500. 2300ங்கறது யார் எடுத்தாலும் 2300தான், பொண்ணுக்குன்னு தனியா சலுகை வெல ஒண்ணும் கெடையாது, கிண்டல் பண்ற மாமங்க யாரும் 1500 தாண்டி நான் பாத்ததில்ல. சென்னை விஜயலட்சுமி 2001ல இந்தியாவோட மொத டபிள்யூஜிஎம் ஆனாங்க, அதுக்கப்பறம் எத்தன பேரு. நம்ம சேலத்துப் பக்கம் நந்திதா 2022ல ஆசிய மகளிர் சாம்பியனே ஆயிட்டாங்க, நம்மூர்ல எத்தன பேருக்குத் தெரியும்?

வாத்தியாருக பண்றது ஒண்ணு இருக்குது. பொண்ணுன்னா "பாத்து ஆடு சாமி, டிரா கேட்டுக்கோ"ங்கறது, பையன்னா "அடிச்சு ஆடுறா"ங்கறது. ஒரே வகுப்புல இந்த ரெண்டையும் என் காதால கேட்டிருக்கேன். அப்பறம் பையன் தோத்துட்டு வந்தா "போயும் போயும் பொண்ணுகிட்டயா தோத்த"ன்னு அவன் அப்பாவே கேப்பாரு, ஜெயிச்ச புள்ள பக்கத்துலயே நின்னுட்டு இருக்கும், அது மூஞ்சி அந்த நேரத்துல எப்படி ஆகும்னு பாத்திருக்கீங்களா. ஜெயிச்சதுக்கு தான் என்னமோ தப்பு பண்ணிட்ட மாதிரி ஆயிரும்.

இன்னொண்ணு, ஆட்டத்த விட்டுட்டு சடைய, பாவாடைய, சிரிப்பப் பத்தியே பேசறது. செஸ் ஆட்டக்காரி திவ்யா தேஷ்முக் 2024 ஜனவரில நெதர்லாந்துல ஒரு பெரிய போட்டி ஆடிட்டு வந்து எழுதுச்சு, பாக்கறவங்க என் ஆட்டத்தப் பாக்கறதில்ல, துணி, முடி, பேச்சு இதத்தான் பாக்கறாங்கன்னு. அப்ப வயசு பதினெட்டு. அடுத்த வருசமே ஜார்ஜியா நாட்டு பட்டூமில மகளிர் உலகக் கோப்பைய ஜெயிச்சு கிராண்ட்மாஸ்டரா வந்துருச்சு. நம்ம லோக்கல் வாட்சப் குரூப்புல பொண்ணு ஜெயிச்ச போட்டோ போட்டா "க்யூட்"டுங்கறாங்க, ஒருத்தராச்சும் கேம் எங்கன்னு கேப்பாங்களான்னா இல்ல.

போட்டி நடத்தறவங்ககிட்டயும் பேசோணும். சின்ன வயசுல ஒரு போட்டில எனக்கு சிறந்த பெண் ஆட்டக்காரின்னு ஹாட் பாக்ஸ் குடுத்தாங்க, அதே வயசு பையனுக்கு செஸ் க்ளாக். அந்த ஹாட் பாக்ஸ்ல எங்கம்மா இன்னிக்கும் இட்லி வெக்கறாங்க, நல்லா உழைக்குது, அது வேற விசயம். இப்ப பரிசெல்லாம் பரவால்ல. ஆனா பாத்ரூம்? கல்யாண மண்டபத்துல முந்நூறு புள்ளைகளுக்கு போட்டி வெச்சுட்டு லேடீஸ் டாய்லெட்ட பூட்டி வெச்சா எப்படி. தன்னோட மூவ் இருக்கறப்ப எந்திரிச்சு வெளிய போறதுக்கு ஆர்பிட்டர்கிட்ட, அதான் போட்டி நடுவர்கிட்ட, கேக்கோணும், அந்நேரமும் க்ளாக் ஓடிட்டுதான் இருக்கும். பதிமூணு வயசுப் புள்ள வயித்து வலியோட, ஆர்பிட்டர் அத்தன பேரும் ஆம்பளைகளா இருக்கவும் கேக்கக் கூச்சப்பட்டுட்டு உக்காந்திருந்து தோத்துட்டு வர்றத பாத்திருக்கேன். அது ஆட்டத்துல தோத்ததா? ஒரு பொம்பள ஆர்பிட்டர போட்டாலே, கெடைக்கலைன்னா டெஸ்க்ல ஒரு அம்மாவ உக்கார வெச்சாலே இதுல பாதி தீந்துரும். கடேசி ரவுண்ட ராத்திரி எட்டு மணிக்கு ஆரம்பிக்காதீங்க, சத்தி, அந்தியூர்ல இருந்து வர்றவங்க பஸ்ஸுக்கு என்ன பண்ணுவாங்க. பையன்னா அப்பா எங்கயோ படுத்துட்டு காலைல போயிக்கலாம்பாரு, பொண்ணுன்னா அந்த ரவுண்டயே விட்டுட்டு கெளம்பிருவாங்க.

இத்தனையும் தாண்டி வந்தாலும் பத்தாவது, அப்பறம் பன்னெண்டாவது, அப்பறம் மாப்பள. ஹம்பி கொழந்த பொறந்தப்ப ரெண்டு வருசம் மாதிரி ஒதுங்கி இருந்துட்டு 2019ல உலக மகளிர் ரேபிட் (வேக செஸ்) சாம்பியன், 2024ல மறுக்கா. இந்திய ஆட்டக்காரி ஹரிகா 2022ல மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாட்ல நெறமாசமா உக்காந்து ஆடுனாங்க, இந்திய மகளிர் டீமுக்கு வெண்கலம் வந்துச்சு. நம்ம புள்ளைக அந்த அளவுக்கு ஆடோணும்னு இல்ல. பத்தாவதுன்னா மொத்தமா நிறுத்தாம கொறச்சுக்கலாம், தெனமும் ராத்திரி இருவது நிமிசம் பசில், பரீட்சைக்கு முன்னால ஒரு போட்டி, முடிஞ்சு ஒண்ணு. ஒரு வருசம் சுத்தமா விட்டாத்தான் திரும்ப வர்றதுக்கு கூச்சம் வரும், தன்கிட்ட தோத்துட்டு இருந்த பசங்க அதுக்குள்ள எங்கியோ போயிருப்பாங்க.

எம்புள்ளைக்கு இந்த வருசம் பத்தாவது. ஊட்ல பெரிய பஞ்சாயத்தே நடந்துச்சு, அது இங்க வேண்டாம். பரீட்சை முடிஞ்ச அடுத்த வாரம் கோயமுத்தூர்ல ஒரு ஓபனுக்கு பேர் குடுத்தாச்சு, எனக்கு அன்னிக்கு லீவு கெடைக்கல. கூட்டிட்டுப் போறது அவ அப்புச்சி, என்னைய நிறுத்துன அதே எங்கப்பாதான். அவருக்கு குதிரை எப்படிப் போகும்னு இன்னிக்கும் தெரியாது, ஆனா எந்த பஸ்ஸு, மத்தியானத்துக்கு தூக்குப்போசில என்ன சோறு, லேடீஸ் டாய்லெட் எந்தப் பக்கம்னு இப்பவே போன் போட்டுக் கேட்டு வெச்சுட்டாரு.