சிகோங்கை உப்பிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள்

சீனாவின் சிச்சுவான் மாகாணத்தின் தென்பகுதியில் இருக்கும் சிகோங்குக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் பகலில் டைனோசர் எலும்பையும் இரவில் விளக்கு அலங்காரத்தையும் பார்த்துவிட்டு மறுநாள் ரயிலேறிவிடுகிறார்கள். மலையும் மேடுமான இந்த இடத்தில் 25 லட்சம் பேர் ஏன் இருக்கிறார்கள் என்பது அவர்களுக்குப் பிடிபடுவதே இல்லை. காரணம் உப்பு. சிலியுஜிங், கோங்ஜிங் என்ற இரண்டு உப்புநீர்க் கிணற்றுப் பகுதிகளின் பெயரிலிருந்து தலா ஒரு சீன எழுத்தை எடுத்து 1939-இல் சூட்டிய பெயர்தான் சிகோங். 'ஜிங்' என்றால் கிணறு. எனவே இரண்டு நாள் ஒதுக்கி, முதல் நாள் முழுவதையும் உப்புக்குக் கொடுங்கள்.

மாகாணத் தலைநகர் செங்டுவிலிருந்து நேரடி அதிவேக ரயில்பாதை 2023 டிசம்பரில் திறந்தது. பயணச்சீட்டில் பெயர் பாஸ்போர்ட்டில் இருக்கும் அதே எழுத்தில் இருக்க வேண்டும். இனிஷியலைப் பெயரோடு சேர்த்துப் போட்டுவிட்டு வாசலில் மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. சீனாவில் கைபேசியில் பணம் செலுத்த உதவும் அலிபே செயலியில் உங்கள் கார்டை ஊரிலேயே இணைத்து, ஓடிபி வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். 200 யுவானுக்கு மேல் செலுத்தினால் வெளிநாட்டு கார்டுக்கு 3 சதவீதம் கூடுதலாகப் பிடிப்பார்கள். ஜூலை, ஆகஸ்டில் புழுக்கம் தாங்காது. விளக்குத் திருவிழாவும் வேண்டுமென்றால் சீனப் புத்தாண்டை ஒட்டிப் போக வேண்டும், ஆனால் அப்போது ரயிலில் இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு.

முதல் நாள் காலை நேராக உப்பு வரலாற்று அருங்காட்சியகம். கிணற்றை முதலில் பார்த்தால் ஒரு ஓட்டையும் மரக் கோபுரமும்தான் தெரியும். இங்கே கருவிகளைப் பார்த்துவிட்டுப் போனால்தான் அந்த ஓட்டை புரியும். கட்டடமே ஒரு சாட்சிதான். ஷான்ஷி மாகாணத்து உப்பு வியாபாரிகள் 1736-இல் தொடங்கி 1752-இல் முடித்த சங்க மண்டபம் இது. வளைந்த கூரையை வாசலில் நின்று படமெடுத்துவிட்டு, துளையிடும் கருவிகள் இருக்கும் பகுதிக்கு அதிக நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்றம் மிதிப்பதைக் கண்டவர்களுக்கு இந்தத் துளையிடும் முறை உடனே விளங்கும். நீண்ட பலகையின் ஒரு முனையில் ஆட்கள் ஏறி இறங்குவார்கள். மறுமுனையில் மூங்கில் பட்டைக் கயிற்றில் தொங்கும் இரும்பு உளி எழுந்து எழுந்து விழுந்து பாறையை நொறுக்கும். நொறுங்கிய கல்லும் நீரும் சேர்ந்த சேற்றை மூங்கில் குழாயை இறக்கி அள்ளுவார்கள். குழாயின் அடியில் ஒரு தோல் வால்வு; இறங்கும்போது திறக்கும், தூக்கும்போது கனம் அழுத்தி மூடிக்கொள்ளும். பிறகு உப்புநீர் இறைத்ததும் இதே மாதிரிக் குழாயில்தான். உளி உடைந்து உள்ளே விழுந்தால் வேலை அப்படியே நின்றுவிடும். விழுந்ததைக் கவ்வி எடுக்கவென்றே செய்த கொக்கிகளும் நகங்களும் வரிசையாக இருக்கின்றன, நின்று பாருங்கள். பக்கச் சுவர் இடிந்தால் டுங் மர விதை எண்ணெயும் சுண்ணாம்பும் கலந்து பூசி அடைத்தார்கள்.

பழைய ஒப்பந்தங்களையும் விட்டுவிடாதீர்கள். சிலியுஜிங்கில் ஒரு கிணற்றின் பங்கை 'நாள்' என்று எண்ணினார்கள். மாதத்துக்கு 30 நாள், 30 பங்கு. நிலம் கொடுத்தவனுக்குச் சில நாள், பணம் போட்டவனுக்கு மீதி. பாதியில் பணம் தீர்ந்துவிட்டால், முதலீட்டாளர் தன் நாள்களில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்துப் புதிய ஆளைச் சேர்ப்பார். பத்து வருஷம் தோண்டினாலும் நீர் வருமா என்று தெரியாத தொழிலில் இப்படித்தான் பணம் புரண்டது.

மதியம் தா-அன் பகுதியில் உள்ள ஷென்ஹாய் கிணறு. 1823-இல் தொடங்கி 1835-இல் 1001.42 மீட்டரைத் தொட்டது. உலகில் ஆயிரம் மீட்டரைத் தாண்டிய முதல் கிணறு இது. வாயோ அரைச் சாண் அகலம்தான். மேலே 18 மீட்டர் மரக் கோபுரம். ஆணியால் அல்ல, கயிற்றால் கட்டிய மரங்கள். ஒரு காலத்தில் ஊரில் 113 மீட்டர் கோபுரம் கூட இருந்தது, பிறகு கழற்றிவிட்டார்கள்.

கோபுரத்தோடு திரும்பிவிடாமல் காய்ச்சும் கொட்டகைக்குள் போங்கள். உள்ளே ஆவி மண்டியிருக்கும், கேமரா லென்ஸ் உடனே மங்கும். ஐந்து நிமிடம் பொறுத்துத் துடையுங்கள். பெரிய வட்ட இரும்புச் சட்டிகளில் உப்புநீர் கொதிக்கிறது. அதில் சோயாப் பாலை ஊற்றுகிறார்கள். அதன் புரதம் அழுக்கைப் பிடித்துக்கொண்டு நுரையாக மேலே வர, கரண்டியால் வழித்தெடுக்கிறார்கள். உப்பளத்தில் வெயில் செய்கிற வேலையை இங்கே எரிவாயு செய்கிறது. அந்த வாயுவும் நிலத்தடியிலிருந்தே வருவது. கிணற்று வாயில் மரத்தொட்டியைக் கவிழ்த்து வாயுவைப் பிடித்து, மூங்கில் குழாய் வழியாக அடுப்புக்குக் கொண்டுவந்தார்கள். விறகுச் செலவு இல்லை என்பதுதான் இந்த ஊரின் லாபக் கணக்கு.

1850-களில் தைப்பிங் கிளர்ச்சியால் கிழக்கிலிருந்து உப்பு வருவது நின்றபோது ஹுபெய், ஹுனான் சந்தைகள் சிகோங்குக்குத் திறந்தன. ஜப்பான் படை சீனக் கடற்கரையைப் பிடித்த போர்க்காலத்தில் மறுபடி அதே கதை. கூடவே குண்டும் விழுந்தது. 1960-களில் மாவோ அரசு தொழிற்சாலைகளை உள்நாட்டு மலைகளுக்கு நகர்த்தியபோது கடின உலோக ஆலையும் கொதிகலன் ஆலையும் வந்தன. இன்றும் ஊருக்குச் சோறு போடுவதில் அவற்றுக்குப் பங்கு உண்டு.

மாலையில் ஹுவான்ஹோ கோயில் தேநீர்க்கடை. கசாப்புக்காரர் சங்கம் தங்கள் தெய்வமான சாங் ஃபெய்க்குக் கட்டியது. கசாப்புக்காரருக்கு எங்கிருந்து இவ்வளவு பணம்? உப்புநீர் இறைக்கும் ராட்டினத்தைச் சுற்றியவை எருமைகள். உழைத்து ஓய்ந்தவை இறைச்சிக்குப் போயின. மாட்டிறைச்சிச் சமையல் இங்கே பெயர்பெற்றதன் பின்னணி இதுதான். ஆறவைத்து உண்ணும் காரமான முயல்கறியும் பிரபலம். காரம் குறைவாக வேண்டுமென்றால் 'வெய் லா' என்று சொல்லுங்கள், என்றாலும் நாக்கு எரியத்தான் செய்யும். சைவர்களுக்கு ஃபுஷுன் தோஃபு சோறு. மிருதுவான தோஃபுவை மிளகாய் விழுதில் தொட்டுச் சாப்பிடுவது. விழுதில் இறைச்சி இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

இரண்டாம் நாள் காலை தாஷான்பு டைனோசர் அருங்காட்சியகம். இங்கேயும் எரிவாயுதான் வழிகாட்டி. எரிவாயு நிறுவனத்துக்காக நிலத்தைச் சமன் செய்தபோதுதான் எலும்புகள் குவியலாகக் கிடைத்தன. அதை நினைத்து ஒரு விலங்குக்குக் கேசோசாரஸ் என்றே பெயரிட்டார்கள். 1987-இல் திறந்த இந்தக் கட்டடம் அகழ்ந்த இடத்தின் மேலேயே நிற்கிறது. நிறுத்திவைத்த எலும்புக்கூடுகளைவிட, பாறையில் புதைந்தபடியே விட்டிருக்கும் எலும்புத் தளத்தில் நேரம் செலவிடுங்கள். ஷுனோசாரஸின் வால் நுனியில் கதாயுதம் போலிருக்கும் முடிச்சையும் தேடிப் பாருங்கள்.

மதியம் ஃபூஷி ஆற்றங்கரையில் ஷியான்ஷி பழைய ஊர். அந்தக் காலத்தில் உப்புப் படகுகள் கிளம்பியதும் வந்த முதல் துறை. இரண்டு மணி நேரம் போதும்.

திருவிழாச் சமயத்தில் போயிருந்தால், இருட்டியதும் விளக்குகள். வெளிநாடுகளில் நடக்கும் பல சீன விளக்குக் காட்சிகளைச் செய்து அனுப்புவதும் இந்த ஊர்க்காரர்கள்தான். தூரத்தில் நின்று படமெடுத்த பிறகு பக்கத்தில் போய்ப் பாருங்கள். பெரும்பாலானவை இரும்புக் கம்பிச் சட்டத்தில் ஒட்டிய பட்டுத்துணி. சிலவற்றில் டிராகனின் செதில்கள் பீங்கான் தட்டுகள். சிலவற்றில் மயிலின் தோகை, வண்ண நீர் நிரப்பிய சின்ன மருந்து புட்டிகள்.