‘தெளிவற்ற’: ஒற்றிலும் பொருளிலும் வரும் தவறுகள்

கலங்கிய தண்ணீரை அசையாமல் வைத்தால் மண் அடியில் தங்கி, மேலே நீர் தெளியும். அந்தத் ‘தெளி’தான் ‘தெளிவு’ என்ற சொல்லுக்கும் வேர். அதோடு ‘அற்ற’ சேர்ந்தால் ‘தெளிவற்ற’. எளிமையான சொல்தான், ஆனால் எழுதும்போது பலரும் தடுமாறுகிறார்கள்.

முதலில் ஒற்று. ‘தெளிவற்றப் பதில்’ என்று எழுதுவது தவறு. ‘தெளிவற்ற’ என்பது பெயரெச்சம், அதன்பின் வல்லினம் மிகாது. ‘தெளிவற்ற பதில்’, ‘தெளிவற்ற கொள்கை’ என்பதே சரி. ‘தெளிவற்றுப் பேசினார்’ என்றால் மட்டும் ப் வேண்டும், அது வினையெச்சம். இன்னொரு இடமும் உண்டு: ‘தெளிவில்லாத பேச்சு’ என்பதில் மிகாது, ‘தெளிவில்லாப் பேச்சு’ என்பதில் மிகும். இலக்கணத்தில் இதற்கு ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்று பெயர். பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். கடைசி ‘த’ இருந்தால் ஒற்று வராது, ‘த’ போனால் ஒற்று வரும், அவ்வளவுதான்.

‘தெளிவற்றதான பதில்’ என்று ‘ஆன’ போட்டு நீட்டவும் தேவையில்லை.

அப்புறம் பொருள். ‘மங்கலான’ கண்ணுக்கும் வெளிச்சத்துக்கும் உரியது: மங்கலான படம், மங்கலான எழுத்து. ஒருவர் சொன்ன பதிலை ‘மங்கலான பதில்’ என்றால் எனக்கு ஒட்டவில்லை, அங்கே ‘தெளிவற்ற’ போதும். இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ‘மங்கலான விளக்கு’ வெளிச்சம் குறைந்த விளக்கு, ‘மங்கல விளக்கு’ நல்ல காரியத்துக்கு ஏற்றுவது. ஓர் ‘ஆன’ விடுபட்டால் பொருளே தலைகீழாகிவிடும்.

‘தெளியாத’ என்பதும் வேறு. இன்னும் தெளிவடையவில்லை, பிறகு தெளியலாம் என்ற குறிப்பு அதில் இருக்கிறது. அதனால்தான் ‘மயக்கம் தெளியாத நோயாளி’ என்கிறோம். அங்கே ‘தெளிவற்ற’ பொருந்தாது.

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது ‘அற்ற’ என்பதன் கனத்தை. அது ‘அறு’ என்ற வினையிலிருந்து வருவது, அடியோடு இல்லை என்று பொருள்படும். ஒருவர் எழுதிய கடிதத்தில் ஒரு பத்தி மட்டும் புரியவில்லை என்றால், ‘தெளிவற்ற கடிதம்’ என்று சொல்வது அவருக்குச் செய்யும் அநியாயம். ‘2ஆம் பத்தி தெளிவாக இல்லை’ என்று எழுதினால், எதைத் திருத்த வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும்.