ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்து இடுக்கில் ஓர் உருளும் அலமாரி

ஃப்ரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சாண் இடுக்கு இருக்கும், பாருங்கள். துடைப்பம், மடித்த பைகள், எப்போதோ உருண்டு போன மூடி எல்லாம் அங்கேதான் கிடக்கும். அந்த இடத்தில் சக்கரம் வைத்த ஒல்லி அலமாரி ஒன்றைச் செருகிவிட்டால், மேடையை அடைத்துக்கொண்டிருக்கும் பாட்டில், டப்பாக்களில் பாதி அதற்குள் போய்விடும். மரவேலை பெரிதாகத் தெரிய வேண்டியதில்லை, ட்ரில் பிடிக்கத் தெரிந்தால் போதும். தப்பு நடப்பது பெரும்பாலும் அளவிலும் சக்கரத்திலும்தான், மற்றதெல்லாம் ஒரு பெட்டி, அவ்வளவே.

முதலில் அளவு. இடுக்கை மேலே, நடுவே, தரையோடு ஒட்டி என மூன்று இடத்தில் அளந்து, மூன்றில் எது குறைவோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் முதல்முறை செய்தபோது நின்றவாக்கில் நெஞ்சு உயரத்தில் மட்டும் டேப்பைப் பிடித்தேன். சுவரின் அடியில் ஸ்கர்ட்டிங் டைல்ஸ் 12 மி.மீ. வெளியே துருத்திக்கொண்டிருந்ததை, பெயின்ட் எல்லாம் காய்ந்து அலமாரியை உள்ளே தள்ளும்போதுதான் பார்த்தேன். பக்கப் பலகையைக் கழற்றி, சட்டங்களை மறுபடி அறுத்து... அந்தக் கதை வேண்டாம்.

இன்னொன்று, இடுக்கு முழுவதையும் அடைத்துவிடாதீர்கள். நிறைய ஃப்ரிட்ஜுகளில் சூடு பக்கச் சுவர் வழியாகத்தான் வெளியேறுகிறது, தொட்டுப் பார்த்தாலே தெரியும். எவ்வளவு இடம் விட வேண்டும் என்று அதன் கையேட்டில் போட்டிருப்பார்கள், அதைப் பார்த்துவிட்டு அகலத்தை முடிவு செய்யுங்கள். கணக்குக்கு, இடுக்கு 220 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அலமாரி 180, சுவர்ப்பக்கம் 10, ஃப்ரிட்ஜ் பக்கம் 30.

உயரத்தில் ஆசைப்பட வேண்டாம். 180 மி.மீ. அகலத்தில் ஆளுயரத்துக்குச் செய்தால் வெளியே இழுத்ததும் பக்கவாட்டில் சாய்ந்துவிடும். மேடை உயரம், அதாவது சக்கரத்தோடு சேர்த்து 850 மி.மீ. போதும். 50 மி.மீ. சக்கரம் அதன் தகட்டோடு சேர்த்துப் பெரும்பாலும் 65 முதல் 70 வரை வரும். அதனால் சக்கரத்தை முதலில் வாங்கி, கையில் வைத்து அளந்துவிட்டு அப்புறம் பலகையை அறுங்கள். 70 என்றால் பெட்டிக்கு மிச்சம் 780.

பலகைக்கு ஈரம் தாங்கும் ப்ளைவுட், 18 மி.மீ. கனம். எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) மலிவு, வழவழப்பும்கூட, ஆனால் தரை துடைக்கும் தண்ணீர் அதன் ஓரத்தில் ஏறினால் ஊறி உப்பிவிடும், பிறகு எதைப் பூசினாலும் பழைய நிலைக்கு வராது.

550 மி.மீ. ஆழத்துக்கு வேண்டிய துண்டுகள் இவை. முன்னும் பின்னும் நிற்கும் பலகை இரண்டு, 174 × 780. நடுவில் வரும் தட்டுகள் ஐந்து, 174 × 514. சுவர்ப்பக்கத்தை மூட 6 மி.மீ. ப்ளைவுட் ஒன்று, 550 × 780. ஐந்து தட்டில் இரண்டை ஒன்றின்மேல் ஒன்று ஒட்டி அடித்தட்டாக்க வேண்டும், ஏன் என்று சக்கரத்தில் சொல்கிறேன். வெட்டிக் கொடுக்கும் இடம் இருந்தால் அங்கேயே வெட்டி வாங்கிவிடுங்கள், கைரம்பத்தில் ஐந்து துண்டை ஒரே நீளத்துக்கு அறுப்பது லேசான காரியமில்லை.

அடித்தட்டின் 36 மி.மீ., மற்ற மூன்று தட்டின் 54 மி.மீ. போக, கீழ் அறைக்கு உயரமான பாட்டில் நிற்க 310, நடுவில் 210, மேலே 170 என்று பிரித்தால் கணக்கு சரியாக வரும். தட்டு வரும் இடங்களை நிற்கும் பலகைகள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்து ஒரே கோடாகப் போடுங்கள், தனித்தனியாக அளந்தால் தட்டு கண்டிப்பாகக் கோணும். ப்ளைவுட்டின் ஓரத்தில் ஸ்க்ரூவை நேராக முடுக்கினால் அடுக்கு பிளக்கும். 4 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 3 மி.மீ. துளை முதலில் போட்டு, மரப் பசை தடவி, 45 அல்லது 50 மி.மீ. நீள ஸ்க்ரூவால் பிடியுங்கள்.

பசை காய்வதற்குள் மூலைக்கு மூலை டேப் வைத்துப் பாருங்கள். குறுக்கே இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் பெட்டி நேராக இருக்கிறது. இல்லையென்றால் நீளமான மூலைகளைப் பிடித்து அமுக்கினால் வழிக்கு வரும். அந்த நிலையிலேயே 6 மி.மீ. பலகையை ஒட்டி ஸ்க்ரூ போட்டுவிடுங்கள். ஒல்லியாக இருந்தாலும் பெட்டி ஆடாமல் நிற்பது அதனால்தான். திறந்த பக்கத்தில் ஒவ்வொரு தட்டின் ஓரத்திலும் 40 மி.மீ. உயரத்துக்கு ஒரு சட்டம் தடுப்பாக வேண்டும், இல்லாவிட்டால் வேகமாக இழுக்கும் முதல் நாளே பாட்டில் கீழே.

சரி, சக்கரம். நான்கும் திரும்பாத சக்கரமாக, ஆழத்தின் போக்கில் ஓடும்படி வையுங்கள். எல்லாப் பக்கமும் சுழலும் சக்கரம் பார்க்க வசதி, ஆனால் உள்ளே தள்ளும்போது பின்பக்கம் ஒதுங்கி ஃப்ரிட்ஜைக் கீறும். தரை எங்கேயும் முழுச் சமமாக இராது, பல நேரம் மூன்று சக்கரம்தான் பாரம் தாங்கும். அலமாரி 10 கிலோ, சாமான் 40 கிலோ என்றால் 50-ஐ மூன்றால் வகுத்து, ஒரு சக்கரம் 17 கிலோவுக்குக் குறையாமல் தாங்க வேண்டும். 25 கிலோ தாங்குவதை வாங்கினால் நிம்மதி. ரப்பர் அல்லது பாலியூரித்தேன் சக்கரம் எடுங்கள், கெட்டி நைலான் டைல்ஸ் இடுக்கில் ஏறி இறங்கும் சத்தம் அடுத்த அறை வரை கேட்கும். அகலம் குறைவு என்பதால் சக்கரங்களை முடிந்த அளவு ஓரத்துக்குத் தள்ளிப் பொருத்துங்கள். அடித்தட்டு இரட்டைக் கனமாக இருப்பதால் 30 மி.மீ. ஸ்க்ரூ நன்றாகக் கடிக்கும். ஒற்றைப் பலகையில் 16 மி.மீ. ஸ்க்ரூதான் போட முடியும், அது நாளாக ஆகக் கழன்றுகொள்ளும்.

பூச்சுக்கு 120-ஆம் நம்பர் உப்புத்தாள், அப்புறம் 220, ஒரு கை பிரைமர், இரண்டு கை பெயின்ட். சக்கரத்தைக் கழற்றிவிட்டு அடிப்பாகத்துக்கும் ஓரங்களுக்கும் பூசுங்கள், தண்ணீர் ஏறும் வழி அதுதான். கைப்பிடியை வெறும் ஸ்க்ரூவில் நம்பாமல் உள்ளிருந்து போல்ட் போட்டு முடுக்குங்கள்.

கனமானதெல்லாம் கீழ்த்தட்டுக்கு. வெளியே இழுத்தாலும் பின்பகுதி ஒரு சாணாவது இடுக்குக்குள்ளேயே இருக்கட்டும், வீட்டில் தொங்கிப் பிடித்து ஏறும் வயதில் குழந்தை இருந்தால் இது கட்டாயம். ஒரு மாதம் ஓட்டிய பிறகு சக்கர ஸ்க்ரூக்களை ஒருமுறை முடுக்கிவிடுங்கள்.