கான்ஃபரன்ஸ எந்த நாட்ல வைக்கிறது? புதுசா இறங்குறவங்களுக்கு

போன வாரம் இங்க சிங்கப்பூர் தேக்கால தே தாரிக் டீ குடிச்சிக்கிட்டு இருக்கும்போது ரெண்டு தம்பிங்க வந்து, அண்ணே தமிழ் கம்ப்யூட்டிங்ல, அதான் கம்ப்யூட்டர்ல தமிழப் பயன்படுத்துறதப் பத்தி, சின்னதா ஒரு இண்டர்நேஷனல் கான்ஃபரன்ஸ் போடலாம்னு இருக்கோம், எந்த நாட்ல வைக்கலாம்னு கேட்டாங்க, கேட்டுட்டு உடனே ஃபோன்ல ஹால் ஃபோட்டோவா காட்ட ஆரம்பிச்சிட்டாங்க. ஹால் கடைசிப்பா. அவங்களுக்குச் சொன்னதத்தான் இங்க எழுதுறேன்.

முதல்ல, வரப்போற ஆளுங்க லிஸ்ட். பேச்சாளர், வாலண்டியர், பேப்பர் அனுப்புவாங்கன்னு நெனைக்கிறவங்க எல்லாரையும் போட்டு, பேருக்குப் பக்கத்துல எந்த நாட்டு பாஸ்போர்ட்னு எழுதுங்க. எங்க குடியிருக்காங்கன்னு எழுதிட்டு விட்றாதீங்க, இங்க பத்து வருஷமா பிஆரா, அதாவது நிரந்தரவாசியா இருந்தாலும் கைல இந்திய பாஸ்போர்ட்னா பெரும்பாலும் விசா அத வச்சுதான்.

ரெண்டாவது, ஒரு ஷீட் போடுங்க. இடது பக்கம் பாஸ்போர்ட், மேல நீங்க யோசிக்கிற நாடுங்க. ஒவ்வொரு கட்டத்துலயும் விசா வேணாம், ஆன்லைன்ல கெடைக்கும், எம்பசிக்கு நேர்ல போகணும், இதுல ஒண்ணு. உதாரணத்துக்கு இந்திய பாஸ்போர்ட்காரங்களுக்கு சிங்கப்பூர் வர விசா வேணும், 30 சிங்கப்பூர் வெள்ளி, அதாவது டாலர் கட்டணும், ரிஜெக்ட் ஆனாலும் அந்தக் காசு திரும்ப வராது, ஆனா மலேசியா 2023 டிசம்பர்லேர்ந்து அவங்கள 30 நாளைக்கு விசா இல்லாம விடுது. இந்த மாதிரி சலுகை எப்ப வேணா மாறும், முடிவு பண்ற அன்னிக்கு இமிகிரேஷன் சைட்ல ஒருக்கா பாத்துக்குங்க. சென்னைல வைக்கலாம்னா நம்ம சிங்கப்பூர் பாஸ்போர்ட்காரங்களுக்கு இ-விசா வேணும், அதுலயும் கான்ஃபரன்ஸுக்குன்னு தனி வகை இருக்கு, நடத்துறவங்க அழைப்புக் கடிதம் குடுக்கணும், அங்க வெளியுறவு அமைச்சகத்துல கிளியரன்ஸும் வாங்கணும். அதனால மாசக்கணக்குல முன்னாடியே ஆரம்பிக்கணும்.

அழைப்புக் கடிதம்னதும் ஞாபகம் வருது. ஒரு தடவ வேற ஒரு நாட்ல நடந்த நிகழ்ச்சிக்கு நான்தான் லெட்டர் அடிச்சேன். பேச்சாளர் பேர இனிஷியலோட போட்டுட்டேன், பாஸ்போர்ட்ல அந்த இனிஷியல் அப்பா பேரா விரிஞ்சு சர்நேம் எடத்துல உக்காந்திருக்கு. ரெண்டும் ஒரே ஆளான்னு கேட்டு ஃபைல் திரும்பி வந்துச்சு, மறுபடி அனுப்பி விசா கைக்கு வந்தப்ப கான்ஃபரன்ஸ் முடிஞ்சு ரெண்டு நாள். அவர் வீட்லேர்ந்தே வீடியோ கால்ல பேசினாரு, நான் லேப்டாப் ஸ்பீக்கர் கிட்ட மைக்க புடிச்சிக்கிட்டு 40 நிமிஷம் நின்னேன். அதனால பாஸ்போர்ட் பக்கத்தோட ஃபோட்டோ வாங்காம லெட்டர் அடிக்காதீங்க.

மூணாவது செலவு, இத வர்றவங்க பாக்கெட்லேர்ந்து பாருங்க. இங்க ஹோட்டல், சாப்பாடு, அதுமேல 9 சதவீதம் ஜிஎஸ்டி. திருச்சிலேர்ந்து இங்கயும் கோலாலம்பூருக்கும் நேர் ஃப்ளைட் இருக்கு, ஸ்டூடண்ட்ஸுக்கு அது பெரிய விஷயம். பக்கத்துல மலேசியாவோட ஜொகூர் பாருல ரூம் போட்டு தினமும் பாலம் தாண்டி வரலாம்னு ஒருத்தர் ஐடியா குடுப்பாரு, வெள்ளிக்கிழம சாயங்காலம் அவர ஒரு தடவ உட்லண்ட்ஸ் எல்லைச் சாவடி கூட்டத்துல நிக்க விடுங்க.

தேதியும் நாட்டோட சேந்ததுதான். இங்க எஃப்1 கார் ரேஸ் வாரத்துல ரூம் வெல எகிறிடும், சென்னைல அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் மழ.

நாலாவது, லோக்கல் டீம். டெபியன்னு ஒரு இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டம் செய்றவங்க, அவங்களோட டெப்கான்ஃப் மாநாட்ட நடத்துறதுக்கு, எங்க ஊர்ல வைக்கிறோம்னு அந்தந்த ஊர் டீமே போட்டி போட்டு விண்ணப்பிச்சு வரணும், அப்படித்தான் 2023-ல கொச்சிக்கும் 2024-ல தென்கொரியாவோட பூசானுக்கும் போச்சு. தமிழ் இணைய மாநாடும் 1997-ல இங்க ஆரம்பிச்சு சென்னை, கோலாலம்பூர், கொலோன், டொரண்டோன்னு சுத்திருக்கு, அங்கங்க ஆளு இருந்ததாலதான் முடிஞ்சுது. நாலு பேராவது அந்த ஊர்லயே இருக்கணும், ஸ்பான்சர் காச வாங்க அங்க பதிவான ஒரு சங்கமோ காலேஜோ இருக்கணும். இது இல்லன்னா மத்ததெல்லாம் சரியா இருந்தாலும் அந்த நாட்ட அடிச்சிடுங்க.

இவ்ளோ தாண்டி மிஞ்சுன நாட்லதான் ஹால் தேடணும். தம்பிங்க நேத்து ஷீட் அனுப்பிருக்காங்க, பாதிக்கு மேல இந்திய பாஸ்போர்ட், இப்ப கோலாலம்பூர்ல யாரத் தெரியும்னு தேடிக்கிட்டு இருக்காங்க.