இட்லியா தோசையா என்று கேட்டதற்கு அழுதேன்
சோழிங்கநல்லூரில் வேலை, நாள் முழுக்க வாடிக்கையாளர் புகார் கேட்பது. ஒரு நாள் ராத்திரி அம்மா இட்லியா தோசையா என்று கேட்டதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் அழுதுவிட்டேன், அவர் கரண்டியோடு அப்படியே நின்றார். சோம்பல் இல்லை இது, மூளைக் களைப்பு. மணிக்கணக்கில் மூளையைக் கசக்கினால் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் பகுதியில் குளுட்டமேட் என்ற வேதிப்பொருள் சேர்கிறது என்று 2022-இல் பாரிஸ் ஆய்வாளர்கள் கண்டார்கள். அப்போது மனசு சுலபமாக, உடனே கிடைப்பதைத்தான் தேடுமாம். நானோ அலுப்பு தீர ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன் (அதுவும் மூளைக்கு வேலைதானே!). இப்போது சிக்கலான புகார்களைக் காலையிலேயே முடிக்கிறேன், சாயங்காலம் போனைப் பையில் போட்டுவிட்டு திருவான்மியூர் கடற்கரையில் அரை மணி நேரம் சும்மா நடை, அப்புறம் பத்தரைக்கெல்லாம் தூக்கம். சரியாவதற்கு இரண்டு மாசம் பிடித்தது. நேற்று நானாகவே ரவா தோசை கேட்டேன்.